ஆயிரத்து ஐந்நூறு நாள் அணைக்காத கணினி

1

இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகத்தான் பிறந்தது. சென்னையிலிருந்து வரும் ஒரு மாத இதழின் தொழில்நுட்பப் பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: "லினக்ஸ் கணினிகளில் அடிக்கடி வரும் தொல்லைகளும் எளிய தீர்வுகளும்." ஆயிரத்து இருநூறு சொல்லுக்குள், பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, முடிந்தால் கொஞ்சம் நகைச்சுவையோடு. கடல் தாண்டி டரம்பூல் என்ற சிற்றூரில் தபால் அலுவலகம் நடத்துகிறவளிடம் போய் இதைக் கேட்பார்களா என்றால், கேட்டார்கள். எங்கள் ஊர்க் கணினிச் சங்கத்தில் நான் பதினோரு வருட உறுப்பினர். சங்கத்தில் மொத்தமே ஐந்து பேர் என்பதை இதழுக்குச் சொல்லவில்லை.

உட்கார்ந்த வேகத்தில் இரண்டு தொல்லைகளை முடித்துவிட்டேன்.

தொல்லை ஒன்று: புதுப்பித்த பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது. தீர்வு: பதறாதீர்கள். கணினி எழும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் பழைய மையநிரலை, தேர்ந்தெடுங்கள். பழையது இன்னும் உள்ளேதான் இருக்கும்.

தொல்லை இரண்டு: ஒலி வரவில்லை. தீர்வு: முதலில் ஸ்பீக்கரின் ஒயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு அதுதான்.

தொல்லை மூன்று: ஹார்டு டிஸ்கில் இடமே இல்லை என்கிறது, உள்ளே இருக்கும் கோப்புகளைக் கூட்டிப் பார்த்தாலோ பாதிகூட வரவில்லை. தீர்வு: நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கும் ஒரு பெரிய கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோப்பின் பெயர் போய்விட்டது, இடம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த நிரலை நிறுத்துங்கள். அது நிற்க மறுத்தால் கணினியையே அணைத்துப் போடுங்கள், உடனே

அந்த "உடனே"யில் கை நின்றுவிட்டது. ஏழு வாரம் ஆகிறது. ஆசிரியர் இரண்டு முறை கேட்டு எழுதிவிட்டார். அவருக்கு நான் அனுப்பப்போவது இதைத்தான். போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் பாடு.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "அன்று காலையிலிருந்தே வடக்கே அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். காற்றில் தொடங்கினால் கடைசியில் பழியும் காற்றின் தலையில்தான் விழும். காற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பிறகு: "நெவில் ஸ்டோக்ஸ் நல்ல மனிதர்." இதையும் அடித்தேன். பொய் என்பதால் இல்லை, உண்மை என்பதால். இதை முதல் வரியாக வைத்தால் அப்புறம் நான் என்ன சொன்னாலும் நீங்கள் மன்னிக்கத் தயாராகிவிடுவீர்கள்.

மூன்றாவதுதான் நின்றது: "கீத் ஸாங்கர் தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று டரம்பூலில் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் மனைவி லொரெய்னும் அப்படித்தான் நம்புகிறாள்."

ஏன் நம்புகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மல்லீ என்னும் எங்கள் வறண்ட கோதுமை வட்டாரத்தில் கோதுமை காய்ந்து நிற்கும் மாதங்களில் அறுவடை இயந்திரம் ஓடுவதே நெருப்போடு விளையாடுவதுதான். ஒரு பேரிங் சூடேறினால் போதும், ஒரு கல்லில் இரும்பு உரசினால் போதும். அதனால் தானியக் கிடங்கின் உச்சியில் காற்றையும் வெயிலையும் அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறோம். அளவு தாண்டியதும் சங்கத்தின் சர்வர் ஊரிலுள்ள அத்தனை உழவர்களின் போனுக்கும் ஒரே ஒரு சொல்லை அனுப்பும்: "நிறுத்து." பாதி வரிசையில் இருந்தாலும் இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிட வேண்டும். குடிகாரனை எங்கள் ஊர் மன்னிக்கும். பெண்டாட்டியை விட்டு ஓடினவனைக்கூட இரண்டு வருடத்தில் மன்னித்துவிடும். 'நிறுத்து' வந்த பிறகும் ஓட்டினவனை மன்னிக்காது.

[குறிப்பு: அரசாங்க எச்சரிக்கைகள் வேறு. அவை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக முதல் நாளே வரும். எங்கள் வயலில் இந்த நிமிடம் காற்று எப்படி என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் ஊர்க்காரர்கள் அவற்றைவிட நெவிலின் கணினியை நம்பினார்கள்.]

3

இனி நெவில் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன்.

நெவில் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையோ குளிரோ, அரைக்கால் சட்டையும் முட்டிவரை காலுறையும்தான். ஊர்ப் பொதுமண்டபத்தின் பின்னறையில், யாரோ தூக்கிப் போட்ட ஒரு கணினியில் லினக்ஸை ஏற்றி அந்த சர்வரைக் கட்டியவர் அவர்தான். அதற்காக யாரும் அவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் தன் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போகிற இடத்தில் முதலில் ஒரு பாட்டம் திட்டுவார், பிறகு சரி செய்வார்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கணினி அணையாமல் எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள். இணைய மன்றங்களில் அதற்கென்றே தனித் திரிகள் உண்டு. உன்னுடையது எத்தனை, என்னுடையது எத்தனை என்று வயதானவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நிற்பார்கள். ஒன்று கோளாறானால் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் கெட்டிக்காரத்தனம், சும்மா அணைத்துப் போடுவது கையாலாகாதவன் வேலை என்று ஓர் எண்ணம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். எங்கள் சர்வரின் எண்ணைத் தபால் அலுவலகப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

நெவில் அந்த எண்ணைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு முறை பதினோரு மணி நேரம் மின்சாரம் போனபோது பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த கறியெல்லாம் கெட்டுப்போயிற்று.

[முதல் வரைவில் நெவிலைக் கர்வம் பிடித்தவராக எழுதினேன். படித்துப் பார்த்தால் அது யாரோ வேறு ஆள். இரண்டாம் வரைவில் அப்பாவியாக எழுதினேன், அது இன்னும் மோசம். அவர் கெட்டிக்காரர், உழைப்பாளி, ஒரே ஒரு எண்ணின் மேல் ஆசை வைத்தவர். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.]

4

சனிக்கிழமை வந்தால் ஆயிரத்து ஐந்நூறு நாள். சங்கத்தில் சின்னக் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு. எனக்கு முறுக்கு சுடும் பொறுப்பு. என் முறுக்கை அவர்கள் "டில்லியின் கம்பிச்சுருள்" என்பார்கள். தில்லைநாயகி என்ற என் பெயரை வந்த முதல் வாரத்திலேயே டில்லி ஆக்கிவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் மார்னி நெவிலுக்குப் போன் செய்தாள். தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவள், முப்பது வயதிருக்கும், உழவர்களின் போன் எண்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. இந்தப் பேச்சை இரண்டு பேருமே பிற்பாடு என்னிடம் சொன்னார்கள், வேறு வேறு நாளில். இரண்டும் ஒத்துப்போயின.

"நெவில், உங்க மிஷினு இடமில்ல இடமில்லன்னு ரெண்டு நாளா எனக்கு மெசேஜ் அனுப்பி உயிர வாங்குது. பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேம்மா, பாத்தேன். நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லாக் ஃபைல் ஒண்ணு பூதம் மாதிரி வளந்து கெடந்துது. அழிச்சுட்டேன்."

"அழிச்சும் எடம் வரலையே?"

"ஒரு புரோகிராம் அதப் புடிச்சுக்கிட்டு வுட மாட்டேங்குது. மூணு வருஷம் முன்னாடி நாம தூக்கிப் போட்ட டிஸ்கு பதில் சொல்லும்னு இன்னும் ஒக்காந்திருக்கு, மடப்பய புரோகிராம். கொன்னு பாத்தேன், சாக மாட்டேங்குது."

"அப்ப அணைச்சுப் போட வேண்டியதுதானே?"

"சனிக்கிழம போடறேன்."

"இன்னிக்கே போட்டா என்ன?"

"இன்னிக்கு ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தேழு."

"அதனால?"

"மூணே நாளு மார்னி. நாலு வருஷமா ஓடுது. மூணு நாளுல என்ன குடி முழுகிடப் போவுது?"

மார்னி பெருமூச்சு விட்டாளாம். "என்னவோ பண்ணுங்க. ப்ரூஸ் ஹெய்ன்ஸ் நம்பர் மாறிடுச்சு, அதையாவது இன்னிக்கே மாத்திடுங்க. நாளைக்கு காத்து பேயா அடிக்கப்போவுதுன்னு ரேடியோல சொல்றான்."

"அஞ்சு நிமிஷத்துல மாத்தறேன்."

ஐந்து நிமிடத்தில் மாற்றினார். பட்டியலில் எண் மாற்ற அவரே எழுதிய இரண்டு வரி நிரல் ஒன்று உண்டு. அது பழைய பட்டியலைப் படித்து, திருத்தி, புதிதாக எழுதி, பழையதன் இடத்தில் வைக்கும். எழுத இடம் இருந்ததா, முழுதாக எழுதி முடிந்ததா என்று அது கேட்காது. அவசரத்தில் எழுதிய நிரல். அடுத்த வாரம் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. அன்று டிஸ்கில் இருந்தது ஒரு துளி இடம். பட்டியலின் பெரும்பகுதி அதில் அடங்கியது. ஹெய்ன்ஸின் புது எண் வந்துவிட்டதா என்று நெவில் பார்த்தார், வந்திருந்தது. பட்டியலின் வாலைப் பார்க்கவில்லை.

5

வியாழக்கிழமையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன், நான்கு பக்கம் வந்தது. நெருப்பு, புகை, ஓடும் ஆடுகள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நன்றாக எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதைக் கண்டு கூசிப்போய்க் கிழித்துவிட்டேன்.

மிஞ்சியது இவ்வளவுதான். மதியம் ஒன்று பத்துக்கு என் தபால் அலுவலகத்தில் மூன்று உழவர்கள் பார்சல் வாங்க நின்றிருந்தார்கள். மூன்று போனும் ஒன்றாக அதிர்ந்தன. ஒருத்தர் பார்த்துவிட்டு, "நெவில் கடிகாரம் மாதிரி ஆளுய்யா" என்றார். மூன்று பேரும் வீட்டுக்குப் போன் செய்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். ஊரெங்கும் இயந்திரங்கள் நின்றன. ஸாங்கர் வயலில் மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணிவாக்கில் அங்கிருந்து புகை கிளம்பியது. கீத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய யூட்டை எடுத்துக்கொண்டு நெருப்பை மறிக்கப் போனார். காற்று திசை மாறியது. போனும் அவரோடு எரிந்துபோயிற்று. பக்கத்து வயல்கள் ஒன்பது, நானூற்றுச் சொச்சம் ஆடுகள்.

வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் வந்து நெவிலிடம் ஒரே கேள்விதான் கேட்டார். செய்தி போயிற்றா? ஒன்று பத்துக்குப் போயிற்று என்றார் நெவில். அப்போது அதை அவர் முழுதாக நம்பினார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நெவில் பொய் சொல்லவில்லை.

கீத்தின் அடக்கத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். எங்கள் ஊரில் ஒரு நல்ல நாய் செத்தால்கூட அதைவிடக் கூட்டம் வரும்.

6

சனிக்கிழமை மண்டபத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம். மற்ற மூன்று பேரும் எரிந்துபோன வேலிக்கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முறுக்கு டப்பாவை நான் திறக்கவே இல்லை. திரையில் எண் நின்றது: ஆயிரத்து ஐந்நூறு.

"போட்டோ எடுக்கணும்னு சொன்னீங்களே?" என்றேன்.

"எடுத்து என்னத்துக்கு?" என்றார் நெவில். "அணைச்சுத் தொலைக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தப் போன் நம்பர் லிஸ்ட ஒரு காப்பி எடுத்துக்கறேன். கண்ணாடிய வண்டியிலயே விட்டுட்டேன். நீ கொஞ்சம் படி, கடைசிப் பேரு என்னன்னு."

"ட்ரெலோர்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணுமில்ல. ட்ரெலோர் நம்பரே பாதிதான் இருக்கு."

"கீழ தள்ளிப் பாரு டில்லி."

"தள்ளிட்டேன். அவ்வளவுதான் நெவில்."

அவர் எழுந்து வந்து மூக்கு திரையில் உரசுகிற மாதிரி நின்று பார்த்தார். வாய்க்குள்ளேயே பெயர்களைச் சொன்னார். ட்ரெலோருக்குச் செய்தி தேவைப்படவில்லை, காற்றைப் பார்த்துவிட்டு அவர் தானாகவே முன்கூட்டி நிறுத்தியிருந்தார். அவருக்குப் பிறகு பட்டியலில் நான்கு பெயர் இருக்க வேண்டும். வீட்லி செத்து இரண்டு வருடம். வுண்டர்சிட்ஸ் நிலத்தை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். யேட்ஸ் திங்கட்கிழமையே அறுவடையை முடித்துவிட்டு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். நான்காவது ஸாங்கர். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் Z-இல் தொடங்கும், எழுத்து வரிசையில் கடைசி.

"போலீஸ்காரன் கேட்டான்" என்றார் நெவில். "போச்சுன்னு சொன்னேன். அப்ப எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரியுமே."

"இப்பத் தெரியும்." ட்ரெலோருக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தை விரலால் தொட்டார். "கீத்துக்கே தெரிஞ்சிருக்கணும். தொப்பி பறக்குது, கண்ணு தொறக்க முடியல. மத்தவன்ல பாதிப் பேரு மெசேஜ் வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திட்டான்." பிறகு அவரே, "சேச்சே, இத நான் சொல்லக்கூடாது" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை மூன்று வரைவுகளில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். முதல் வரைவில் "லொரெய்ன் கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றேன். இரண்டாவதில் ஒன்றும் சொல்லவில்லை, அழுதேன். உண்மையில் நான் சொன்னது: "மொதல்ல அணைச்சுப் போடுங்க நெவில். அப்புறம் யோசிக்கலாம்."

"என்னால முடியாது. நீ அழுத்து."

நான்தான் அழுத்தினேன். ஒன்றரை நிமிடத்தில் அது எழுந்து வந்தது. டிஸ்கில் பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. பழைய காப்பியிலிருந்து முழுப் பட்டியலையும் எடுத்து, வெட்டுப்பட்ட பட்டியலின் மேலேயே நெவில் போட்டார். ஸாங்கருக்குச் செய்தி போகவில்லை என்பதற்கு இருந்த ஒரே சான்றும் அத்தோடு போயிற்று. எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டால் ஒரு நிமிடம் என்றது. நான்கு வருடமாக யார் என்ன சொல்லியும் செய்யாத வேலை ஒரு விரலில் முடிந்துவிட்டது. இணைய மன்றத்தில், இடம் திரும்பி வராதது பற்றி அவர் முன்பு கேட்டிருந்த கேள்விக்குக் கீழே அன்று சாயங்காலமே "தீர்ந்தது" என்று போட்டார். எப்படித் தீர்ந்தது என்று எழுதவில்லை. அங்கே பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

7

அப்புறம் யோசிக்கலாம் என்றேன் அல்லவா. பதினொரு மாதம் யோசித்தோம்.

நெவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை லொரெய்ன் வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டுகிறார். அவளுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். தண்ணீர்க் குழாயை மாற்றினார். கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டார். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு மனிதன் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர் அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை. இவர் மட்டும் மிதிக்கிறார்.

"இந்த ஊர்ல மனுஷன்னா நெவில் ஒருத்தர்தான் கண்ணு" என்பாள் லொரெய்ன், தபால் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம். "மத்ததெல்லாம் என்னப் பாத்தா கடையில வேற வரிசைக்குப் போயிடுதுங்க."

"அவங்களுக்கும் நஷ்டம்தானே லொரெய்ன். ஆத்தாமை."

"நான் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்." ஸ்டாம்புகளைக் கிழித்துக்கொண்டே சொல்வாள். "முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அந்த மனுஷன எனக்குத் தெரியாதா? போன எடுத்திருப்பாரு, பாத்திருப்பாரு, இன்னும் ரெண்டு சுத்துதானேன்னு திரும்ப பாக்கெட்டுல போட்டிருப்பாரு."

"போன் அடிச்சது கேக்காமகூட இருந்திருக்கலாம்ல?" இவ்வளவு தூரம் நான் போனதுண்டு. கோழை போகிற தூரம்.

"காது நல்லாத்தான் கேட்டுது. என் பேச்சுதான் கேக்காது." சிரிப்பாள். "கல்லுல பேரு பொறிக்கணுமாம், பாதிரியார் கேக்கறாரு. என்னத்துக்கு? படிக்கிறவன் காறித் துப்பிட்டுப் போறதுக்கா?"

கீத்தின் சமாதியில் இன்றுவரை ஒரு மரக்குச்சிதான் இருக்கிறது, அதில் ஓர் எண்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. நெவில் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறார். லொரெய்ன் அவரை அடிக்கிறாள். பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்துத் தன் புருஷனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். மறுநாள் வாசலில் ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறது. எழுதும்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுதும்போதே பிடித்துப்போகும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

ஆ. நெவில் மாரடைப்பில் போய்விடுகிறார். அவர் கணினியில் ஒரு கடிதம் இருக்கிறது. இது சோம்பேறி முடிவு. அவர் ஆரோக்கியமாக இருக்கிறார், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார்.

இ. மார்னி எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் போன மாசி– இல்லை, இங்கே மாசி எங்கிருந்து வந்தது, போன மார்ச்சிலேயே வேறு வேலை கிடைத்து மில்டுரா நகரத்துக்குப் போய்விட்டாள். புறப்படும் முன் என்னிடம், "நான் சொன்னப்பவே அணைச்சிருந்தா எனக்கு அந்த மெசேஜ் தொல்லையாவது மிச்சமாயிருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

நான்காவதாக ஒரு முடிவு இருக்கிறது, அதை எழுதவே இல்லை: டில்லி சொல்கிறாள்.

ஏன் சொல்லவில்லை? நெவில் என்னிடம் சத்தியம் ஏதும் வாங்கவில்லை. "உன் இஷ்டம் டில்லி" என்றார், ஒரே ஒரு முறை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், என் உச்சரிப்பைக் கேட்டுக் கடைக்காரர் எல்லாவற்றையும் இரண்டு தடவை உரக்கச் சொல்வார். நெவில்தான் என்னைச் சங்கத்துக்குக் கூட்டிப்போய், "இது டில்லி, நம்ம நாலு பேரவிட மூள உள்ளவ" என்று உட்காரவைத்தார். அந்த நாற்காலியை இழக்க எனக்குப் பயம். கூடவே, அழுத்திய விரல் என்னுடையது. இதுதான் காரணம், இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்குமா என்று ஏழு வாரம் தேடினேன்.

9

நேற்றோடு இந்தக் கதையை இப்படியே நிறுத்திவிடுவதாக இருந்தேன். இன்று மதியம் லொரெய்ன் வந்தாள்.

பத்துக் கடிதம் கொண்டுவந்தாள். எல்லாம் கையால் எழுதியவை. வயல் எரிந்த ஒன்பது பேருக்கும் வீட்டுக்கொன்று. முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறதல்லவா, அதற்கு முன்னால் கீத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம். பத்தாவதை ஒட்டாமல் என்னிடம் நீட்டினாள்.

"இத மட்டும் படிச்சுப் பாரு கண்ணு, சரியா இருக்கான்னு. எனக்கு எழுத வராது."

படித்தேன்.

"அன்புள்ள நெவில், நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகச் செய்தீர்கள். நீங்கள் அனுப்பிய செய்தி வந்தது, கீத்துதான் கேட்கவில்லை. நீங்கள் புல் வெட்டும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் சுமக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சுமக்க வேண்டாம். அவர் செய்ததற்கு அவர் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். லொரெய்ன்."

"சரியா இருக்கா?"

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல" என்றேன். தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"அப்ப ஒட்டிடு." கவுண்டரில் கிடந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள். தமிழ் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "அழகா இருக்கே. சுழி சுழியா. என்னது இது?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பத்தி. இந்தியாவுல ஒரு பத்திரிகைக்கு."

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. ஒரு எடத்துல நிக்குது."

"நெவிலக் கேளேன். அவருக்குத் தெரியாததா?" என்றாள். எதிரே ரொட்டிக் கடையில் கறி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

பழக்கம் பாருங்கள். என் கை தானாகவே முத்திரையை எடுத்து ஒன்பது கடிதங்களிலும் குத்திவிட்டது. பாவமே செய்யாத ஒருவனுக்காகக் கேட்கும் மன்னிப்பின் மேல் ஊர் பேரும் இன்றைய தேதியும். பத்தாவது மட்டும் கையில் இருக்கிறது. மற்றவை தபால் வேனில் வயல் வீடுகளுக்குப் போகும், இதற்கு வேனே வேண்டாம், இங்கே சுவரில் பதித்த நெவிலின் தபால் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. போட்டால், அவர் அதைப் படித்துவிட்டு நேராக அவள் வீட்டுக்கு ஓடலாம். அல்லது நாலாக மடித்து மேசை அறையில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று இனிமேல் புல் வெட்டுவதையும் நிறுத்திவிடலாம். அவரை இத்தனை பக்கம் எழுதியும் இரண்டில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் இன்று புரிந்தது. இதை நான் ஏன் தமிழில் எழுதினேன்? இதழ் கேட்டது என்பது சாக்கு. இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்க வேண்டும், யாருக்கும் கேட்டுவிடவும் கூடாது. அதற்கு வாகாக ஒரு மொழி என்னிடம் இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டேன். அந்த மொழியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியவள்தான் நான்.

தபால் வேன் மூன்றரைக்கு வரும். இப்போது மூன்று பன்னிரண்டு. தபால் பையை இன்னும் கட்டவில்லை. ரொட்டிக் கடை வாசலில் அவள் கார் நிற்கிறது. எழுந்து பதினைந்து அடி நடந்தால் தெரு, தெருவைக் கடந்தால் அவள். எழுந்தேன் என்று எழுதுவது சுலபம், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதமாட்டேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வேன் போய் மாதங்கள் ஆகியிருக்கும். நான் என்ன செய்தேன் என்று ஊகிக்க வேண்டாம், நல்லவிதமாக ஊகித்துவிடுவீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். உங்களில் பலருக்கு ஆங்கிலமும் தெரியும். கீத் ஸாங்கருக்கு அந்தச் செய்தி வரவே இல்லை: இந்த ஒரு வரியை லொரெய்னுக்கு எழுதிப் போட்டால் போதும், மற்றதெல்லாம் நான் நீட்டியது. லொரெய்ன் ஸாங்கர், தபால் பெட்டி எண் பதினேழு, டரம்பூல். யார் எழுதினாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். பிரித்து அடுக்கி அந்தப் பெட்டியில் போட வேண்டியவள் நான்.

போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.